வேர்க்கும் சிலிண்டர்

மாசிமகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களும் வீதிக்கு வரும் நாட்களில், ஊரெங்கும் அன்னதானப் பந்தல்கள் எழும். விறகு கிடைப்பது அரிதாகிவிட்டதால் இப்போது பெரிய கிடாரங்களின் கீழே எரிவது பெரும்பாலும் காஸ்தான். அங்கே அடுப்படியில் நின்றவர்கள் எல்லோரும் ஒன்றைக் கண்டிருப்பார்கள். சமையல் தொடங்கி ஒரு மணித்தியாலம் ஆனதும் சிலிண்டரின் வெளிப்புறம் நனையத் தொடங்கும். கீழிருந்து பாதி உயரம்வரை முத்து முத்தாக நீர் நிற்கும். தொட்டால் கை விறைக்கும். அடுப்புச் சுவாலை மெல்லச் சுருங்கும். "காஸ் முடியுது அண்ணே" என்று யாராவது சொல்வார்கள். தூக்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் கனக்கும்.

நெருப்புக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பொருள் ஏன் குளிர்கிறது? உள்ளே காஸ் இருக்கும்போதே ஏன் வர மறுக்கிறது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால், சிலிண்டரை எப்படிப் பொருத்துவது, கசிவை எப்போது சோதிப்பது, எங்கே வைப்பது என்பவையெல்லாம் மனப்பாடம் செய்யவேண்டிய விதிகளாக இருக்காது. காரணம் தெரிந்தவருக்கு அவை தாமாகவே தோன்றும்.

குளிர் வரும் வழி

சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அசைத்தால் அலம்புவது கேட்கும். அதற்கு மேலே உள்ள சிறு வெற்றிடத்தில் மட்டும் அதே பொருள் ஆவியாக நிற்கிறது. நாம் எரிப்பது அந்த ஆவியைத்தான். ஆவி வெளியேற வெளியேற, கீழே உள்ள திரவம் கொதித்துப் புதிய ஆவியைத் தருகிறது. ஒரு லீற்றர் திரவம் ஏறத்தாழ 250 லீற்றர் ஆவியாக விரியும்.

திரவம் ஆவியாக மாற வெப்பம் வேண்டும். பாடப்புத்தகங்கள் இதை மறைவெப்பம் என்கின்றன. மண்பானைத் தண்ணீர் குளிர்வதற்கும் இதுவே காரணம்: பானையின் சுவரில் கசிந்து ஆவியாகும் நீர், உள்ளே மீந்திருக்கும் நீரிடமிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. சிலிண்டரிலும் திரவம் தன் சொந்த வெப்பத்தைச் செலவழித்தே ஆவியாகிறது. இரும்பு குளிர்ந்ததும் மாத்தளையின் ஈரக்காற்றில் இருக்கும் நீராவி அதன்மேல் படிகிறது. அதையே சிலிண்டர் வேர்க்கிறது என்கிறோம். நீர் எந்த உயரம்வரை படிந்திருக்கிறதோ, கிட்டத்தட்ட அந்த உயரம்வரை உள்ளே திரவம் இருக்கிறது.

வீட்டு அடுப்பில் இது நமக்குத் தெரிவதில்லை. ஒரு சின்னச் சுவாலைக்கு வேண்டிய ஆவி மிகக் குறைவு. எடுத்த வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்று உடனே ஈடுசெய்துவிடும்.

ஒரு கிடாரத்துக்கான கணக்கு

நூறு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். திறந்தவெளியில் அடுப்பு தரும் வெப்பத்தில் பாதிக்கும் மேல் காற்றோடு போய்விடும். அதையும் சேர்த்தால் சுமார் ஒன்றரைக் கிலோ காஸ் செலவாகும். பெரிய அன்னதான அடுப்பு மணிக்கு 2 கிலோ குடிக்கிறது என்று கொள்வோம். கணக்குக்கு அது வசதியான எண். பல பெரிய அடுப்புகளுக்கு உண்மைக்கும் நெருக்கமானது.

இரண்டு கிலோ திரவம் ஆவியாக எவ்வளவு வெப்பம் வேண்டும்? சாதாரணத் தண்ணீர் இரண்டே கால் லீற்றரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமான வெப்பம். அது முழுவதும் சிலிண்டரிலிருந்தே போகவேண்டும். நிறைந்த 12.5 கிலோ சிலிண்டரில், திரவமும் இரும்பும் சேர்ந்து இந்த வெப்பத்தைக் கொடுத்தால் இரண்டினதும் வெப்பநிலை ஏறத்தாழ 20 பாகை இறங்கும். காலையில் 27 பாகையில் இருந்தது ஒரு மணித்தியாலத்தில் 7 பாகைக்கு வந்துவிடும். பாதி காலியான சிலிண்டரில் கொடுப்பதற்குத் திரவம் குறைவு. அங்கே வீழ்ச்சி 34 பாகை. பூச்சியத்துக்கும் கீழே.

உண்மையில் அவ்வளவு இறங்காது. காற்றும், மேலே படியும் நீரும் வெப்பம் தருகின்றன. ஆனால் சிலிண்டரைச் சாக்கால் சுற்றி வைத்தாலோ, மூலைக்குள் ஒதுக்கி வைத்தாலோ இந்த உதவி குறையும். கணக்கு சொன்ன எண்ணுக்கு அருகே போய்விடும். பாதி சிலிண்டர் அன்னதானத்தில் கைவிடுவதும், அதே பாதி சிலிண்டர் வீட்டில் இரண்டு வாரம் எரிவதும் இதனால்தான்.

இரும்புக்குள் இரண்டு பேர்

நாம் காஸ் என்று ஒற்றைப் பெயரில் அழைப்பது முக்கியமாக இரண்டு பொருட்களின் கலவை: புரொப்பேன், பியூட்டேன். இரண்டும் பெற்றோலியத்திலிருந்து வருபவை. சுபாவம் மட்டும் வேறு. புரொப்பேன் கழித்தல் 42 பாகையிலேயே கொதிக்கும். பியூட்டேன் கொதிக்கப் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழ்வரை வரவேண்டும்.

மூடிய பாத்திரத்தில் ஒரு திரவம் தன் ஆவியால் சுவரைத் தள்ளும் அமுக்கத்தை ஆவியமுக்கம் என்போம். 30 பாகையில் புரொப்பேனின் ஆவியமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் 11 மடங்குக்கு அருகில். பியூட்டேனுக்கு 3 மடங்குக்கும் குறைவு. கலவையில் யார் கூட இருக்கிறாரோ அவர் பக்கம் அமுக்கம் சாயும்.

மாத்தளை மாவட்டம் இதைப் புரிந்துகொள்ள நல்ல இடம். தம்புள்ளைப் பக்கம் மதியத்தில் 35 பாகை சாதாரணம். அதே மாவட்டத்தில், இரத்தோட்டை வழியாக ஏறினால் 1,400 மீற்றருக்கு மேலே ரிவர்ஸ்டன். விடியற்காலையில் 15 பாகை என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்தில் ஒரு பங்கு புரொப்பேன் கொண்ட சிலிண்டரில் தம்புள்ளையின் அமுக்கம் வளிமண்டலத்தைப்போல் 5 மடங்கு, ரிவர்ஸ்டனில் 3 மடங்கு. சரிபாதி புரொப்பேன் இருந்தால் தம்புள்ளையில் கிட்டத்தட்ட 8, ரிவர்ஸ்டனில் நாலரை. வெயிலில் கிடந்து சிலிண்டர் 50 பாகைக்குச் சூடேறினால் ஐந்தில் ஒரு பங்குக் கலவைக்கு ஏழரை, சரிபாதிக் கலவைக்கு 11.

இன்னொன்றும் நடக்கிறது. ஆவியாவதில் புரொப்பேன் முந்திக்கொள்ளும். அதனால் சிலிண்டர் குறையக் குறைய எஞ்சுவது பியூட்டேன். பூச்சியப் பாகையில் பியூட்டேனின் ஆவியமுக்கம் வெளிக்காற்றின் அமுக்கத்துக்குச் சமம். வெளியே தள்ள எதுவும் மிச்சமில்லை. கிடாரத்தின் கீழே சுவாலை சுருங்கிய கதை இதுதான்: குளிர்ச்சியும் கலவை மாற்றமும் ஒரே நேரத்தில் சேர்ந்தன.

அப்போது சிலர் சிலிண்டரைச் சரித்துப் படுக்கவைப்பார்கள், சிலர் கொதிநீர் ஊற்றுவார்கள், சிலர் அடுப்புப் பக்கம் நகர்த்துவார்கள். மூன்றையும் நான் மிகவும் அஞ்சுகிறேன். படுத்த சிலிண்டரிலிருந்து ஆவிக்குப் பதில் திரவம் குழாய்க்குள் போகும். அது அடுப்பில் 250 மடங்கு விரிந்து, சுவாலை ஆள் உயரத்துக்கு எழும். கொதிநீரும் நெருப்பும் அமுக்கத்தைச் சில நிமிடங்களில் பல மடங்காக்கும். அதைத் தாங்கவேண்டியது குளிரில் விறைத்துக் கிடந்த ஒரு சின்ன ரப்பர் வாஷர். பெரிய சமையலுக்குச் சரியான வழி, இரண்டு சிலிண்டர்களைப் பொதுக்குழாயில் இணைக்கத் தெரிந்தவரைக் கொண்டு இணைத்து எரிப்பது. இழுப்பு இரண்டாகப் பிரியும். இரண்டும் அரைவாசிதான் குளிரும்.

2021 நவம்பர்

அந்த வருட இறுதியை இலங்கையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நவம்பர் 20-ஆம் திகதி கொழும்பு 7, ரேஸ் கோர்ஸ் கட்டடத்தில் ஓர் உணவகத்தில் வெடிப்பு. அதன்பின் நாள் தவறாமல் செய்தி: குசினியில் தீ, அடுப்பு வெடித்தது, கண்ணாடி மேல்தட்டு சிதறியது. சம்பவங்கள் நூற்றுக்கணக்கில் பதிவாகின, உயிர்களும் போயின. சனங்கள் சிலிண்டரைத் தூக்கி முற்றத்தில் வைத்தார்கள். விறகுக்குத் திரும்பினார்கள். வால்வின் மேல் தண்ணீர் விட்டு, குமிழி வருவதைத் தொலைபேசியில் படம்பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள்.

மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் தலைமையில் ஜனாதிபதி ஒரு குழுவை நியமித்தார். டிசம்பரில் அந்தக் குழு, காஸின் கலவை மாறியதே விபத்துகளுக்கு முதன்மைக் காரணம் என்றது. அந்நாட்களில் எல்லோர் வாயிலும் இருந்த இரண்டு விகிதங்கள்: முன்பு புரொப்பேன் 20, பியூட்டேன் 80, பின்பு இரண்டும் 50.

மேலே போட்ட கணக்கை இதனோடு வைத்துப் பாருங்கள். ஒரு வீட்டில் அதே ரெகுலேட்டர், அதே ஹோஸ், அதே கிளிப். பத்து வருடமாக ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் கடையிலிருந்து வந்த சிலிண்டரில் அமுக்கம் ஒன்றரை மடங்கு. வால்வுக்கும் ரெகுலேட்டருக்கும் இடையே உள்ள வாஷரில் ஒரு நுண்ணிய வெடிப்பு முன்பே இருந்திருக்கலாம். பழைய அமுக்கத்தில் அது சும்மா இருந்தது. புதிய அமுக்கத்தில் வாய் திறந்தது. வீட்டுக்காரர் எதையும் மாற்றவில்லை. ஆனால் அவருடைய இணைப்புக்குப் பின்னால் நின்ற பொருள் மாறிவிட்டது.

நான் இந்த அத்தியாயம் முழுவதும் சொல்லவருவது இதைத்தான். கசிவில் இணைப்புக்கு ஒரு பாதிதான். மறுபாதி அதற்குப் பின்னால் நிற்கும் அமுக்கம். அமுக்கமோ கலவையால் மாறும், வெயிலால் மாறும், மலை ஏறினால் மாறும், சமைக்கச் சமைக்க மாறும். ஆகவே போன மாதம் சோதித்தோம் என்பது இன்றைக்குப் பதிலாகாது. சிலிண்டரை மாற்றும் ஒவ்வொரு முறையும், இடம் மாற்றும் ஒவ்வொரு முறையும் சோதிக்கவேண்டும்.

வெளியில் மூக்கை நம்பலாமா

"வெளியில்தானே சமைக்கிறோம், கசிந்தால் காற்றோடு போய்விடும்." இது பாதி உண்மை. இந்த வாயு காற்றில் 2 சதவீதத்துக்கும் 9 சதவீதத்துக்கும் இடையில் கலந்திருந்தால்தான் தீப்பிடிக்கும். திறந்தவெளியில் சிறு கசிவு அந்த 2 சதவீதத்தை எட்டுவது கடினம். ஆனால் எந்தக் காற்று காஸைக் கலைக்கிறதோ, அதே காற்று மணத்தையும் கொண்டுபோகிறது.

காஸுக்கு இயல்பாக மணமே கிடையாது. நாம் நுகரும் அந்த அழுகிய நாற்றம், எத்தில் மேர்கப்டன் என்னும் பொருளைத் துளியளவு சேர்ப்பதால் வருவது. இந்த வழக்கத்தின் பின்னால் ஒரு பெரும் துயரம் இருக்கிறது. 1937 மார்ச் 18-ஆம் திகதி அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பாடசாலையில், மணமற்ற இயற்கை எரிவாயு தளத்துக்குக் கீழே சேர்ந்து வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள்; பெரும்பாலும் பிள்ளைகள். அதன் பிறகே அங்கே மணம் சேர்ப்பது சட்டமாயிற்று. வெடிக்கும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு சேர்வதற்குள்ளேயே மூக்குக்கு எட்டவேண்டும் என்பது இன்று பல நாடுகளில் உள்ள நியதி.

அது மூடிய அறைக்கு. பந்தலில் காற்று வரும் பக்கம் நிற்பவருக்கு ஒரு மணமும் வராது. செத்தல் மிளகாய் வறுபடும் இடத்தில், கறிவேப்பிலை தாளிக்கும் இடத்தில் யாருடைய மூக்கு மேர்கப்டனைப் பிரித்தறியும்? கொரோனாவுக்குப் பின் மணம் சரியாகத் திரும்பாதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். மூக்கு எச்சரித்தால் கட்டாயம் கேட்கவேண்டும். அது மௌனமாக இருப்பதைச் சான்றாகக் கொள்ளக்கூடாது.

பொருத்துதல்

வீட்டு ரெகுலேட்டர், சிலிண்டருக்குள் பல மடங்காக இருக்கும் அமுக்கத்தைச் சுமார் 30 மில்லிபாருக்கு இறக்கித் தருகிறது. ஒரு வாளி ஆழத் தண்ணீரின் அடியில் இருக்கும் அமுக்கம் அவ்வளவுதான். பெரிய அன்னதான அடுப்புகளுக்கு அது போதாது. அவற்றுக்கு வரும் திருகு வைத்த ஹை பிரஷர் ரெகுலேட்டர் 2 பார் வரைகூடத் திறக்கக்கூடியது: 20 மீற்றர் உயரத் தண்ணீரின் அமுக்கம். வீட்டு ஹோஸை எடுத்து இந்த ரெகுலேட்டரில் மாட்டினால், அது வீட்டில் வழக்கமாகச் சுமப்பதைவிட அறுபது மடங்குக்கும் மேலான அமுக்கத்தைச் சுமக்கும். பந்தல் வேலைகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். அடுப்பு எந்த அமுக்கத்துக்கோ, ரெகுலேட்டரும் ஹோஸும் அதே அமுக்கத்துக்கு உரியவையாக இருக்கவேண்டும்.

சிலிண்டரைச் சமதரையில் நிமிர்த்தி வையுங்கள். வால்வின் மூடியை எடுத்ததும் உள்ளே எட்டிப் பாருங்கள்: வாஷர் இருக்கிறதா, வெடிப்பில்லாமல் மிருதுவாக இருக்கிறதா, மண்ணோ அரிசிமணியோ விழுந்திருக்கிறதா. ஹோஸை விரல்களுக்கிடையே மடித்துப் பாருங்கள். மேற்பரப்பில் மயிர்போன்ற கீறல்கள் தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. இரு நுனிகளிலும் திருகால் இறுக்கும் கிளிப் வேண்டும். கம்பியால் சுற்றிக் கட்டுவது ஊரெங்கும் உள்ள பழக்கம். கம்பி ரப்பரை ஒரு கோட்டில் மட்டும் அழுத்தி வெட்டும், மற்ற இடங்களில் தளர்ந்தே இருக்கும்.

நுரையின் சாட்சி

பாத்திரம் கழுவும் சவர்க்காரத் திரவத்தைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்து நுரைக்கவையுங்கள். கழிவறை சுத்தப்படுத்தும் மருந்துகள் வேண்டாம். அவை பித்தளையை அரிக்கும். அடுப்புத் திருகுகள் எல்லாம் மூடியிருக்கட்டும். பக்கத்தில் எந்த நெருப்பும், சிகரட்டும் இருக்கக்கூடாது. இப்போது ரெகுலேட்டரைத் திறந்தால் ஹோஸ் முழுவதும் அமுக்கம் நிறைந்து நிற்கும். ஒரு தூரிகையால் முதலில் வால்வும் ரெகுலேட்டரும் சேரும் இடம், பிறகு ஹோஸின் இரு நுனிகள், ஹோஸின் நீளம், கடைசியாக அடுப்புத் திருகின் அடி. ஒவ்வோரிடத்திலும் நுரையைப் பூசிவிட்டுப் பொறுமையாகப் பாருங்கள். பூசும்போதே உண்டான நுரை அப்படியே நின்று அடங்கும். கசிவின் குமிழி வளரும், உடையும், அதே இடத்தில் மறுபடி வளரும்.

எப்போது சோதிப்பது என்பதற்கும் சிலிண்டரின் வேர்வை பதில் சொல்கிறது. சமையலின் நடுவே சிலிண்டர் குளிர்ந்து அமுக்கம் தாழ்ந்திருக்கும்போது பூசினால், கசிவு தலைகாட்டாமல் போகலாம். சமையலுக்கு முன், சிலிண்டர் சூழலின் வெப்பத்துக்கு வந்தபின் செய்யவேண்டும். ரிவர்ஸ்டன் பக்கம் கூடாரம் போடுபவர்கள் அதிகாலைக் குளிரில் ஒரு முறை சோதித்துவிட்டு, வெயிலேறியதும் மீண்டும் அடுப்பு மூட்டுகிறார்கள் என்றால் மறுபடியும் பூசிப் பார்ப்பது நல்லது.

நெருப்புக்குச்சி பிடித்துக் கசிவு பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கசிவு இல்லையென்றால் அந்தச் சோதனை வீண். இருந்தாலோ சோதித்தவர் கையில் தீ.

குமிழி கண்டால் வால்வை மூடி, இணைப்பைக் கழற்றி, துடைத்து, மீண்டும் பொருத்திப் பூசுங்கள். மறுபடியும் வந்தால் அந்த வாஷரோ ஹோஸோ அன்றைக்கு வேலைக்கு ஆகாது. ரெகுலேட்டரைக் கழற்றிய பிறகும் வால்வின் வாயிலேயே குமிழி வந்தால் குறை சிலிண்டரில். மூடியைப் போட்டு, ஆளும் நெருப்பும் இல்லாத வெளியில் வைத்து விற்றவருக்கு அறிவியுங்கள்.

சரிவும் காற்றும்

மாத்தளையில் சமதரை கிடைப்பது பாக்கியம். எல்கடுவவிலோ உக்குவெலவிலோ தோட்டத்துக் கோயில் முற்றங்கள் பெரும்பாலும் மலையை வெட்டிய படிகள். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. காற்றில்லாத மாலையில் கசிந்த காஸ் தரையோடு தரையாகச் சரிவில் இறங்கும். மேல்படியில் சிலிண்டரும் கீழ்ப்படியில் அடுப்பும் வைத்தால், கசிவு நேராக நெருப்பைத் தேடிப் போகும். அடுப்பு மேலே, சிலிண்டர் கீழே, அதற்குக் கீழே வடிகானோ பள்ளமோ வேறு அடுப்போ இல்லாமல்: இதுவே நல்ல அமைப்பு. காற்று வீசினால் சிலிண்டர் அடுப்புக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். காற்று வரும் பக்கம் வைத்தால் கசிவு நெருப்புக்குப் போகும். மறுபக்கம் வைத்தால் நெருப்பின் சூடு சிலிண்டருக்கு வரும்.

சுவாலை அணையாமலிருக்கத் தகரம் நிறுத்துவது சரிதான். அது அடுப்பை மட்டும் மறைக்கட்டும். சிலிண்டரையும் சேர்த்து மறைத்தால், திறந்தவெளியின் நடுவே நாமே ஒரு மூடிய அறையைக் கட்டிவிடுகிறோம்.

சமையல் முடிந்ததும் முதலில் சிலிண்டர் பக்கம் மூடவேண்டும். ஹோஸில் மிச்சமிருப்பது எரிந்து தானாக அணைந்தபின் அடுப்புத் திருகை மூடலாம். ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வுக்கு அதன் மூடியைப் போடுங்கள். பிறகு எல்லாவற்றையும் கோயில் களஞ்சிய அறைக்குள் தள்ளிப் பூட்டுவதே வழக்கம். இதற்கும் ஒரு சின்னக் கணக்கு உண்டு. நொடிக்கு ஒரு குமிழி, ஒரு சென்றிமீற்றர் அகலம், அவ்வளவுதான் கசிவு என்றாலும் இரவு பத்து மணித்தியாலத்தில் 19 லீற்றர் காஸ் சேரும். காற்றோட்டமில்லாத அறையில் அது தரையோடு படிந்தால், ஏறத்தாழ ஒரு கனமீற்றர் காற்றைத் தீப்பிடிக்கும் கலவையாக்கப் போதும். காலையில் கதவைத் திறப்பவர் முதலில் செய்வது லைட் சுவிட்சைப் போடுவது. மிச்சமுள்ள சிலிண்டர்களைக் கூரை மட்டும் உள்ள தாழ்வாரத்தில், மழை படாமல், நிமிர்த்தி, காற்றோட விட்டுவையுங்கள்.